சாம்பிராணி பிடித்த கரி

பௌர்ணமிக்கு மறுநாள் காலை. கிரிவலப் பாதையோரம் குவிந்து கிடக்கும் இளநீர் மட்டைகளில் ஒன்றை எடுத்துப் புரட்டி, நகத்தால் கீறி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிறார் எழிலரசி. பிடித்திருந்தால் சாக்குக்குள் போடுகிறார். பிடிக்காவிட்டால் குவியலுக்கே திருப்பி எறிகிறார். கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை தொங்குகிறது. முந்தானை இடுப்பில் செருகப்பட்டிருக்கிறது. ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் ஏற்கெனவே ஒரு சாக்கு ஏறி உட்கார்ந்துவிட்டது. புதிதாகப் பார்ப்பவர்கள் பழைய சாமான் பொறுக்க வந்தவர் என்றுதான் நினைப்பார்கள். கல்லூரியில் வேதியியல் துறைத் தலைவர் என்று சொன்னால் நம்புவதில்லை. நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

அடி அண்ணாமலையில் இளநீர்க் கடை போட்டிருக்கும் ஜோதியம்மாளுக்கு இவர் மாதாமாதம் வரும் விருந்தாளி.

"இன்னா டீச்சர், எல்லாம் நல்ல மட்டையாத்தான் கீது. வாரிக்கினு போயேன்."

"ஈரம் ஜாஸ்தி ஜோதிம்மா. உள்ள ஸ்ட்ராவும் குப்பையும் வேற கெடக்குது பாருங்க."

"அய்ய, மட்டையப் பாக்கச் சொன்னா மாப்ள பாக்குறா மாதிரி பாக்கிறியே!"

நான் அதே கல்லூரியில் தமிழ் நடத்துகிறவள். வேங்கிக்காலில் அவர் வீட்டுக்கு அடுத்த தெருவில் குடியிருக்கிறேன். என்னை அவர் 'தமிழ் மேடம்' என்றுதான் கூப்பிடுவார். அவர் வீட்டு மொட்டைமாடி முழுக்க இந்த மட்டைகள் காய்ந்துகொண்டிருக்கும். வடகம் போடக்கூட இடமில்லை என்று அவர் கணவர் அருணகிரி தம் அலுவலகம் முழுக்கப் புலம்பி வைத்திருக்கிறார். காய்ந்ததை எழிலரசி துண்டு போட்டு, ஆய்வக உலையில் காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்குவார். அடுப்பில் போடுகிற கரி இல்லை இது. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் உள்ள கரி. தண்ணீரில் கலந்திருக்கும் சாயமும் நாற்றமும் அந்தத் துளைகளுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு கரண்டிக் கரியைப் பிரித்து விரிக்க முடிந்தால் நம் கல்லூரி மைதானத்தையே மூடிவிடலாம் என்பார். மைதானத்தைச் சுற்றி வந்தே மூச்சு வாங்குகிற எனக்கு அதைக் கேட்டால் மலைப்பாக இருக்கும்.

துறைக்கு யார் வந்தாலும் ஒரு சின்ன நாடகம் நடத்துவார். பட்டு நூலுக்குச் சாயம் போட்ட சிவப்புத் தண்ணீரைக் கரி நிரப்பிய கண்ணாடிக் குழாயின் தலையில் ஊற்றுவார். கீழே பளிங்காகத் தண்ணீர் சொட்டும். வந்தவர் வாயைப் பிளந்து நிற்கும்போது, "குடிச்சுடாதீங்க. கண்ணுக்குத் தெளிவா இருந்தா சுத்தம்னு அர்த்தமில்ல. இன்னும் டெஸ்ட் பாக்கணும்" என்று சொல்லிவிடுவார். பாராட்டு வாய் வரைக்கும் வந்த நேரத்தில் இப்படி ஒன்றைச் சொல்லி, தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"இன்னொரு தபா பாத்துடலாம்." இதுதான் அவருடைய தாரக மந்திரம். சாம்பாருக்கு உப்புப் போட்டாலும் சரி, வீட்டைப் பூட்டினாலும் சரி, எடை பார்த்தாலும் சரி, இன்னொரு தபா. அருணகிரி பெண் பார்க்க வந்த அன்றும் இதைத்தான் சொல்லியிருப்பார் என்று நான் கிண்டல் செய்வேன். அருணகிரி சிரிப்பாரே தவிர மறுக்க மாட்டார். எழிலரசியின் அப்பா மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிட்டவர். விதையில் கொஞ்சத்தை ஈரத்துணியில் முடிந்து வைத்து, முளைக்கிறதா என்று பார்த்த பிறகுதான் நிலத்தில் போடுவாராம். அந்தப் புத்தி அப்படியே இவருக்கு வந்திருக்கிறது.

கரியோடு விட்டாரா என்றால் இல்லை. மலையடிவாரத்தில் முளைக்கிற செடிகள்மீதும் அவருக்குக் கிறுக்கு உண்டு. இலையையும் வேரையும் ஊறவைத்துச் சாறு எடுத்து, புற்றுநோய்ச் செல்லை அடக்கும் பொருள் ஏதாவது அதில் இருக்கிறதா என்று தேடுவார். சாற்றில் இலையின் பச்சை கலந்து தொல்லை கொடுக்கும். அதை எடுப்பதற்குக் கடையில் கரி கிடைக்கிறது. இவருக்கு வாங்க மனசு வராது. "நம்ம கரி இருக்கும்போது வெளிய வாங்குறதா?" என்று தன் இளநீர்க் கரியிலேயே வடிகட்டுவார். புற்றுநோய்ச் செல்களை வளர்த்துச் சோதிக்கும் வசதி எங்களிடம் இல்லாததால், வடித்த சாறு சென்னையில் ஓர் ஆய்வகத்துக்குப் போகும்.

போன தை மாதம் அங்கிருந்து முடிவு வந்தது. ஒரு செடியின் சாறு பட்டதும் கிண்ணத்தில் இருந்த புற்றுநோய்ச் செல்கள் கொத்துக் கொத்தாகச் செத்துப்போயிருந்தன. எழிலரசி வராந்தாவில் ஓடி வந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். அந்தச் செடியின் பெயரை இங்கே எழுத மாட்டேன். ஏன் என்று நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

அவரும் ஆய்வு மாணவி கீர்த்தனாவும் எழுதிய கட்டுரையை ஓர் ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. நல்ல செல்களை அந்தச் சாறு என்ன செய்யும் என்று இன்னும் பார்க்கவில்லை, மனிதருக்குக் கொடுப்பதெல்லாம் வெகுதூரம் என்று கட்டுரையில் தெளிவாக இருந்தது. செய்தியாக வந்தபோது அதெல்லாம் காணாமல் போய், 'புற்றுநோய்க்கு மலைச்செடி மருந்து' என்று மட்டும் நின்றது. கல்லூரி வாசலில் அவர் முகம் போட்ட ஃபிளெக்ஸ் முளைத்தது. ஆட்டோக்காரர்கள் "கேன்சர் மேடம் காலேஜா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நானும் அந்த நாட்களில் கொஞ்சம் தலை நிமிர்ந்துதான் நடந்தேன். கல்லூரியில் பாராட்டு விழாவுக்கு நாள் குறித்தார்கள்.

ஊரே கொண்டாடிக்கொண்டிருக்க, இவர் உள்ளே போய் இன்னொரு தபா செய்தார். புதுச் செடி, புதுக் கரி, புதுச் சாறு. சென்னைக்குப் போன சாறு புற்றுநோய்ச் செல்களை ஒன்றும் செய்யவில்லை. அவை பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தன. மறுபடியும் அனுப்பினார், மறுபடியும் அதே கதை. கடைசியில், முதல் சாற்றை வடித்த பழைய கரியில் மிச்சமிருந்ததை எடுத்து, செடியே சேர்க்காமல் வெறும் கரைப்பானில் கழுவி, அந்தக் கழுவலை அனுப்பினார். அது புற்றுநோய்ச் செல்களைக் கொன்றது.

அன்று சாயங்காலம் என்னை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டார். கழுவலை வற்றவிட்ட ஒரு கண்ணாடித் தட்டை நீட்டினார்.

"மோந்து பாருங்க தமிழ் மேடம்."

முகர்ந்தேன். சாம்பிராணி வாசனை.

ஆயுத பூசை நினைவுக்கு வந்தது. உலைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, தூபக்காலைக் கையில் எடுத்துக்கொண்டு மூலை மூலையாகப் போனவர் இவர்தான். அப்போதுதான் உலையிலிருந்து இறங்கிய கரி ஒரு தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. தன் கைப்பிள்ளை என்பதால் அதற்கு மட்டும் தனியாக நின்று புகை காட்டினார். நான் பொரி தின்றுகொண்டு பக்கத்தில்தான் இருந்தேன். எதையும் உறிஞ்சும் கரி இது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறவர், அந்தக் கரிக்கே நிதானமாகச் சாம்பிராணி போட்டிருக்கிறார். அது மொத்தத்தையும் குடித்து வைத்துக்கொண்டு, பின்னால் வந்த செடிச் சாற்றில் கக்கியிருக்கிறது.

"வேற யாரையும் சொல்றதுக்கில்ல. என் கையாலயே காட்டுனேன்" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆனா பாத்தீங்களா, இத்தினி மாசம் கழிச்சும் புகைய உடாம புடிச்சு வச்சிருந்துச்சே. அது எப்பேர்ப்பட்ட கரி!" என்றார். அழுகைக்கு நடுவே பெருமை பேச அவரால்தான் முடியும்.

கீர்த்தனா முகம் வெளிறி நின்றாள். "அப்ப என் தீசிஸ் மேடம்?"

"எழுதுடி. கரி புகையைக் குடிச்சதையே எழுது. அதுவும் ரிசல்ட்தான்."

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக அன்றைக்கே ஆய்விதழுக்கு எழுதிவிட்டார். விழா மட்டும் பாக்கி இருந்தது. முதல்வரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். முதல்வர் கெட்டவர் இல்லை; பயந்தவர். "அழைப்பிதழ் குடுத்தாச்சும்மா. பெரிய மனுஷங்க எல்லாம் வராங்க. சால்வைய வாங்கிக்குங்க, ரெண்டு வார்த்தை நன்றி சொல்லிட்டு எறங்கிடுங்க. அப்புறமா மெதுவா சொல்லிக்கலாம்" என்றார். எழிலரசி மறுத்துப் பேசாமல் தலையாட்டிவிட்டு வந்தார். எனக்கு எழிலரசிமேல் வருத்தம்தான். ஆனாலும் ஃபிளெக்ஸில் இருக்கும் முகம் என்னுடையதில்லை என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

விழா அன்று காலை, கலையரங்க வாசலில் கணவனும் மனைவியுமாக இருவர் காத்திருந்தார்கள். செங்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்த அப்பாதுரை, பச்சையம்மாள். அந்த அம்மாள் முந்தானையால் தலையை இறுக்கி மூடியிருந்தார். அப்பாதுரையின் கையில் ஒரு துணிப்பை, நிறைய அந்தச் செடி. ஃபிளெக்ஸில் பார்த்த முகத்தை நேரில் கண்டதும் கும்பிட்டு, தன் பேரையும் மனைவி பேரையும் சொன்னார்.

"மார்ல கட்டிங்க இவளுக்கு. ஆஸ்பத்திரியில ரெண்டு தபா மருந்து ஏத்துனாங்க. முடி பூரா கொட்டிப்போச்சு, சோறும் எறங்கல. இன்னிக்கு அடுத்த ஊசிக்கு வரச் சொல்லியிருந்தாங்க. பேப்பர்ல உங்க செடியப் பாத்ததும் அத உட்டுட்டோம். இத எப்பிடி வேவிச்சுக் குடுக்கிறதுன்னு மட்டும் சொல்லிடுங்க தாயி."

எழிலரசி பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஒலிபெருக்கி அவர் பெயரைக் கூப்பிட்டது. இரண்டு பேர் வந்து கையைப் பிடிக்காத குறையாக மேடைக்கு அழைத்துப் போனார்கள். பட்டுச் சால்வை போர்த்தினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த ஒரு கேடயத்தைக் கொடுத்தார்கள். அடுத்து ஏற்புரை என்றார்கள். அவர் ஒலிவாங்கி முன்னால் போய் நின்று, "அவையோருக்கு என் பணிவான வணக்கம்" என்று முறையாகத்தான் தொடங்கினார். பிறகு கூட்டத்தில் எதையோ தேடினார். பின்வரிசையில், மடியில் செடிப் பையோடு உட்கார்ந்திருந்த அப்பாதுரையைக் கண்டுபிடித்தார்.

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேங்க" என்றார். "அந்தச் செடி கேன்சரைக் கொல்லல. ஆயுத பூசைக்கு லேப்ல நான் காட்டுன சாம்பிராணிப் புகைதான் கொன்னுச்சு. அந்தப் புகை நல்ல செல்லு கெட்ட செல்லு பாக்காது. அது மருந்து இல்ல. பேப்பர்ல வந்தத நம்பி யாரும் அந்தச் செடியப் பறிக்காதீங்க, குடிக்காதீங்க. பச்சையம்மாக்கா, நீங்க இன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போயே ஆவணும்."

பின்னால் யாரோ "சாம்பிராணியா!" என்று சிரித்தார்கள். முதல்வர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து கை தட்டினேன். தனியாகத் தட்டுகிறோமே என்று கூச்சமாகத்தான் இருந்தது, நிறுத்தவில்லை. இவர் என் ஊர்க்காரர், என் கல்லூரிக்காரர், என் சிநேகிதி என்று அந்த நிமிடத்தில் நெஞ்சு விம்மியதுபோல, அவருக்கு ஃபிளெக்ஸ் வைத்தபோதுகூட விம்மவில்லை. கீர்த்தனா எழுந்தாள். பிறகு பிள்ளைகள் எல்லோரும் எழுந்தார்கள்.

அப்பாதுரைக்குக் கைதட்டல் எதுவும் கேட்கவில்லை. மேடையிலிருந்து இறங்கி வந்தவரை மறித்தார். "அப்ப பேப்பர்ல போட்டது அவ்ளோவும் பொய்யா?"

"தப்புங்க. என்னாலதான். கோவப்படுங்க, ஆனா போற வழியில கோவப்படுங்க. மத்தியானத்துக்குள்ள போனா இன்னிக்கே ஏத்துவாங்க."

அதுவரை பேசாமலிருந்த பச்சையம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்தார். "எனக்கு அந்த ஊசின்னா பயமா கீது டீச்சர். செடின்னதும் தப்பிச்சோம்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

எழிலரசி சால்வையைக் கழற்றக்கூட இல்லை. அந்த அம்மாளின் தோளில் கை வைத்து அப்படியே வாசல் பக்கம் நடந்தார். விழாவில் மிச்சமிருந்தவர்கள் பேசிக்கொண்டிருந்தது ஒலிபெருக்கியில் கேட்டபடி இருந்தது. நானும் பின்னாலேயே போனேன். சாலைக்கு வரும்போது டவுன் பஸ் ஒன்று வந்து நின்றது. அப்பாதுரை செடிப் பையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் தயங்கினார். பிறகு அதை வேலியோரம் போட்டுவிட்டுப் படியேறினார்.

பச்சையம்மாள் உள்பக்கமாகவும், எழிலரசி ஜன்னலோரமாகவும் உட்கார்ந்தார்கள். பச்சையம்மாளின் ஸ்கேன் படங்கள் வைத்த பெரிய உறை எழிலரசியின் ஒரு கையில் இருந்தது. இன்னொரு கையில் கேடயம். வண்டி உறுமியதும் பச்சையம்மாளின் கை அவர் பக்கம் வந்தது.

"தமிழ் மேடம், இதக் கொஞ்சம் புடிங்க" என்று கேடயத்தை ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினார் எழிலரசி. நான் வாங்கியதைக்கூடப் பார்க்காமல், காலியான அந்தக் கையால் பச்சையம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார்.