கீழ மூன்றாம் வீதிக்கு வழி

புதுக்கோட்டையில் நாங்கள் குடியிருந்தது கீழ மூன்றாம் வீதி. அரண்மனையை நடுவில் வைத்து, நாலு பக்கமும் நூல் பிடித்தாற்போல் வீதிகளைப் போட்டு எண் கொடுத்திருந்தார்கள். ஆலங்குடிப் பக்கம் என் ஊரில் தெரு என்றால் மனுஷர்கள். மாமன் வீட்டுத் தெரு, தட்டார் தெரு என்று சொல்லுவோம். இங்கே வாய்ப்பாடு மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று. கல்யாணமாகி வந்த எனக்கு அந்த ஊர் ஒட்டவே இல்லை. அடுத்த வீட்டில் மராட்டி, எதிர்வீட்டில் தெலுங்கு. யாரும் என்னிடம் வந்து பேசவில்லை. நானும் போகவில்லை, எனக்கென்ன தலையெழுத்தா?

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்தது. பிரசவத்துக்கு அழைத்துப் போக, அதுவரை இந்த ஊருக்கே வந்திராத அப்பா வரவேண்டிய நாள். போனால் திரும்பி வருவதில்லை என்று மனசுக்குள் முடிவு கட்டியிருந்தேன். கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்த என் வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லவில்லை. நல்ல மனுஷர், பாவம். அன்றைக்கு லீவு போட்டுவிட்டு என் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

முதல் பஸ்ஸில் வருவதாகச் சொன்ன அப்பாவை உச்சிப்பொழுது வரை காணோம். வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்து என் கால் வீங்கிவிட்டது. ஒருவழியாக வந்தார், வேட்டியெல்லாம் புழுதி. அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தது அடுத்த வீட்டு மராட்டியம்மாள்.

பஸ்ஸை விட்டு இறங்கியவர், கண்ணில் பட்ட கோயிலைக் கும்பிட்டுவிட்டு அங்கிருந்து கிழக்கே மூன்று தெரு எண்ணியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் ஊர் கோயிலில்தான் தொடங்கும். இந்த ஊர் அரண்மனையில் தொடங்குகிறது என்று அவருக்கு யார் சொல்வது? ஊருக்கு வெளியே கடலைக்கொல்லையில் போய் நின்றிருக்கிறார். அப்புறம் வீதி வீதியாக விசாரித்திருக்கிறார்.

"நான் தண்ணி குடிக்காத வீடு இல்ல, ஆத்தா," என்றார். "அங்கிட்டு ஏவாரத்துக்கு வந்த ராவுத்தரு. இங்கிட்டு அரமனைச் சேவகத்துக்கு வந்தவங்க. கேட்டுப் பாத்தா எல்லாருமே எங்கேயோ இருந்து வந்து குடியேறுனவங்கதான்."

"நானும் தஞ்சாவூர்லேர்ந்து வாக்கப்பட்டு வந்தவதான்," என்றாள் மராட்டியம்மாள். "வந்த வருஷம் பூரா அழுதேன். நீ அழுகுறது சுவத்துக்கு அந்தப் பக்கம் கேக்கும். வந்து கேட்டா சங்கடப்படுவியோன்னு இருந்துட்டேன்."

கர்வம் பிடித்தவள் என்று இத்தனை மாதம் அவளை நினைத்திருந்தேன்.

சாயங்காலம் மாட்டுவண்டி வந்தது. "புள்ளையோட எப்ப வருவே?" என்று அவள்தான் கேட்டாள். என் வீட்டுக்காரர் கேட்கவில்லை, மாட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொல்லாதது அவருக்குத் தெரிந்தேயிருக்கிறது.

"புள்ள பொறந்த மூணாம் மாசம் வந்துருவேன்," என்றேன் அவரைப் பார்த்து. "அதுக்குள்ள உத்தரத்துல தொட்டில் கொக்கி அடிச்சு வைங்க."