எதிர்த்தரப்பில் ஆஜரான என் கட்டுரை

வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்பது தொழில் விதி. அதனால் நானும் என் மனைவியும் ஆங்கிலத்தில் நடத்தும் சட்ட வலைப்பூவின் உச்சியில், 'இது கட்சிக்காரர்களைக் கவரும் நோக்கம் கொண்டதல்ல' என்று ஒரு வரி நிரந்தரமாக நிற்கிறது. வாசகர்களையும் கவராதது எங்கள் சொந்த முயற்சி.

இரண்டு பேருக்கும் கொல்கத்தாவில்தான் தொழில். வலைப்பூவில் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எழுதினால் அதன் அடியிலேயே மற்றவர் மறுப்பு எழுதியாக வேண்டும். யோசனை என்னுடையது. அவள் இவ்வளவு உற்சாகமாக ஒத்துழைப்பாள் என்று அப்போது தெரியாது. என் கட்டுரை ஒரு முழம் என்றால் அவள் மறுப்பு இரண்டு முழம். பாதிக்கு மேல் நான் படிப்பதில்லை. வீட்டில் நேரடியாகவே கேட்கக் கிடைக்கிறதே.

ஒரு மழைக்காலத்தில் நகரின் தென்மேற்கில் உள்ள பெஹாலாவிலிருந்து ஒரு மாமி எங்களைத் தேடி வந்தார். கணவர் கார்டன் ரீச் ரயில்வே தலைமையகத்தில் அதிகாரியாக இருந்து, ஓய்வுக்குப் பிறகும் அதே வாடகை வீட்டில் இருந்து காலமானவர். குடியிருக்கும் உரிமை அவரோடு போய்விட்டது, காலி செய்யுங்கள் என்று வீட்டுக்காரர் வழக்குப் போட்டிருந்தார். கணவரைச் சார்ந்து அவரோடு வாழ்ந்த மனைவி, வேறு வீடு இல்லாதவரானால், தொடர்ந்து இருக்கலாம் என்கிறது இங்குள்ள சட்டம். மாமிக்கு வேறு வீடு கிடையாது. ஆனால் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்துக் கொஞ்சம் சம்பாதித்தவர். அப்படிப்பட்டவர் கணவரைச் சார்ந்து வாழ்ந்தவர்தானா? வழக்கு இந்தக் கேள்வியில் வந்து நின்றது.

வாதத்தன்று எதிர்த்தரப்பின் இளம் வங்காளி வக்கீல் எழுந்து, கைப்பேசியைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தார். சொந்த வருமானம் உள்ள மனைவியைக் கணவரைச் சார்ந்தவர் என்பது சட்டத்தையே கேலி செய்வதாகும் என்று அடித்துச் சொல்லும் ஒரு பத்தி. நடை நன்றாக இருக்கிறதே என்று ரசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாக்கியத்தில்தான் அது என் நடை என்று உறைத்தது. மாமி எங்களைத் தேடி வருவதற்கு வெகு முன்பே வலைப்பூவில் எழுதியது.

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, இதை எழுதியது நீங்கள்தானா என்றார். ஒப்புக்கொண்டேன். வலைப்பூவை வைத்து யாரும் தீர்ப்பு எழுதப்போவதில்லை, ஆனாலும் இதற்கு உங்கள் பதில் என்ன என்று கேட்டார். திரும்பிப் பார்த்தேன். பின்வரிசையில் மாமி முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பக்கத்திலிருந்த என் மனைவி தன் கைப்பேசியை என் பக்கம் தள்ளினாள்.

"கீழ போங்க," என்றாள் மெல்ல. "இன்னும் கீழ. உங்களுக்குத்தான் அந்தப் பழக்கமே இல்லையே."

போனேன். அந்தச் சொந்த வருமானத்தை மட்டும் நம்பி மனைவி தனியாக வாழ்ந்திருக்க முடியுமா, தலைக்கு மேல் கூரை யாரால் இருந்தது, இதைத்தான் பார்க்க வேண்டும் என்று அங்கே எழுதியிருந்தாள். துணைக்கு உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் இரண்டு. நான் கம்பீரமாக வாசித்தேன். நீதிபதி குறித்துக்கொண்டே, இதை எழுதியது யார் என்றார். என் மனைவி என்றேன்.

"அப்படியானால் அவரே பேசட்டுமே," என்றார்.

அவள் எழுந்தாள், நான் உட்கார்ந்தேன். என் தொழில் வாழ்க்கையில் ஒரு கட்சிக்காரருக்கு நான் செய்த மிகப் பெரிய உதவி அந்த உட்காருதல்தான்.

வீடு மாமிக்கே என்று தீர்ப்பு வந்தது. வராந்தாவில் எதிர்த்தரப்பு வக்கீல் என்னிடம் வந்து, வங்காளிகள் அண்ணனை அழைக்கும் முறையில், "தாதா, உங்கள் வலைப்பூவை விடாமல் படிப்பவன் நான். கீழே இருந்ததை மட்டும் பார்க்கவில்லை," என்றார் வங்காளத்தில். நானும்தான் என்றேன். உறவினர் அல்லாத முதல் வாசகர், காபி வாங்கிக்கொடுத்தேன்.

மாமி என் மனைவியின் கையை விடவே இல்லை. "துர்கா பூஜைக்கு முன்னால சுவருக்கு வெள்ளை அடிச்சுடப்போறேன்டி. காலி பண்ணப்போற வீட்டுக்கு எதுக்குன்னு அப்படியே விட்டிருந்தேன். சப்தமிக்கு நம்மாத்துலதான் சாப்பாடு."

பிறகு என் பக்கம் திரும்பி, நீங்களும் வாங்கோ என்றார். நடந்ததையெல்லாம் பின்வரிசையிலிருந்து பார்த்த பிறகும் கூப்பிடுகிறார். நன்றியோடு ஒத்துக்கொண்டேன்.