இரண்டு குடும்பத்துக்கு ஒரே தபால்பெட்டி

பிரெஞ்சுத் தலைநகரில், லா சப்பல் தமிழ்ப் பலசரக்குக் கடைகளுக்குப் பின்னால் ஒரு முட்டுச்சந்து. அதன் கடைசியில் இருந்த பழைய வீட்டில் 2016 சித்திரையில் 'விற்பனைக்கு' என்ற பலகை தொங்கியது. மூன்று தரம் தொங்கவிட்டார்கள். மூன்று தரமும் மேல்மாடி ஸ்ரீ அதைக் கழற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டார். அறுபதை எட்டிப்பிடிக்கிற மனிதர் செய்கிற வேலையா இது? ஆனால் அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

வீடு இரண்டு குடும்பத்துக்குச் சொந்தம். ரயில்வேயில் ஓய்வுபெற்ற புதுச்சேரி லாசரும் உணவகத்தில் சமைக்கிற ஸ்ரீயும் கூட்டாக வாங்கியது. ஒரே வாசல், ஒரே படிக்கட்டு, ஒரே தபால்பெட்டி. லாசர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். அவர் மனைவி ஆலீசுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. புறநகர் எபினேயில் மகள் மர்கரீத்தோடு இருக்கப் போகிறாள். கூட்டுச் சொத்தில் ஒருவர் விற்கத்தான் வேண்டும் என்று நின்றால் மற்றவர் எத்தனை நாள் மறிப்பது? மற்றப் பாதியை வாங்க ஸ்ரீக்கு ஏது வக்கு!

அவருக்கு வேண்டியது அந்த விலாசம். வன்னியில் தாயைப் புதைத்துவிட்டு மகன் கலைமாறன் 2009 மாசியில் தொலைபேசியில் அழுதபோது, வீட்டு இலக்கத்தையும் தெருவையும் எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கொடுத்தார். "குறிச்சு வைச்சிட்டன் அப்பா" என்றான். அதோடு லைன் அறுந்ததுதான். வைகாசியில் சண்டை முடிந்தது. ஸ்ரீ தேடாத முகாம் பட்டியல் இல்லை. தெரிந்தவர்கள் திவசம் செய்யச் சொன்னார்கள். "விசரே உங்களுக்கு? அவன் எழுதுவான்" என்று எரிந்து விழுந்தார்.

ஸ்ரீஸ்கந்தராசா என்பது அவர் பெயரே இல்லை. அகதியாக வந்தபோது கையில் கிடைத்த கடவுச்சீட்டில் இருந்த பெயர் அது. விசாவும் அதில்தான், வீடும் அதில்தான். பெற்றவர்கள் வைத்தது பாலேந்திரன். மகனுக்குத் தெரிந்ததும் அது மட்டுமே; புதுப்பெயரைச் சொல்வதற்குள் லைன் அறுந்துவிட்டது. அதைப் பெட்டியில் ஒட்டினால் எவனாவது கோள்மூட்டி எல்லாத் தாளும் பறிபோகும் என்று பயம். மத்தியானம் தபால் வருகிற நேரம் அவர் உணவகத்து அடுப்படியில் நிற்பார். பெட்டியைத் திறப்பது லாசர். அவரிடம் மட்டும் காதோடு சொல்லிவைத்தார்.

"பாலேந்திரன் எண்டு கடிதம் வந்தா எடுத்து வையுங்கோ அண்ணை. அக்காவுக்குச் சொல்லாதேங்கோ, வாய் தவறினா நான் துலைஞ்சன்."

லாசர் சொன்ன சொல் காப்பாற்றுகிறவர். பெண்சாதிக்குக்கூட மூச்சு விடவில்லை. அவர் போன பிறகு ஸ்ரீயே மத்தியானத்தில் ஓடிவந்து பெட்டியைத் திறந்தார்.

கடைசியில் வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது. பத்திரம் முடிக்கிற நொத்தாரிசிடம் கையெழுத்து வைப்பதற்கு முதல்நாள் பின்னேரம் ஸ்ரீ கீழே இறங்கினார். ஆலீஸ் தட்டுகளைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வீடு வாங்கிற ஆக்களிட்டை பிரெஞ்சிலை ஒண்டு சொல்லோணும். பாலேந்திரன் எண்ட பேரிலை கடிதம் வந்தா எறியாமல் வைக்கட்டாம்."

"பாலேந்திரனா? அது யாருங்க?"

"நான்தான் அக்கா. என்ரை சொந்தப் பேர்."

ஆலீசின் முகம் செத்துப்போயிற்று. தட்டைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு போறதுக்கு முந்தின வருஷம் ஆப்பரேஷனுக்கு ஆஸ்பத்திரில கிடந்தாரே, அந்த வெயில் காலத்துல, அந்தப் பேருக்கு ரெண்டு லெத்தர் வந்துது ஸ்ரீ. சிலோன் ஸ்டாம்பு. அப்படி யாரும் இங்க இல்லைன்னு மேலேயே எழுதி, தபால்காரன்கிட்ட திருப்பிக் குடுத்துட்டேன். சேசுவே, எனக்குத் தெரியாதே!"

"எந்த மாசம்?"

"பதினாலு ஜூலை வாணவேடிக்கைக்கு மறுநாள் ஒண்ணு. ஆகஸ்ட்ல ஒண்ணு."

சண்டை முடிந்து இரண்டு மாதத்துக்குப் பிறகு! பிள்ளை உயிரோடு இருந்திருக்கிறான். இரண்டு தரம் அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறான். அப்படி ஒருவர் இல்லை என்று இரண்டு தரமும் பதில் போயிருக்கிறது. அவளைத் திட்ட வாய் வந்தது. எதைச் சொல்லித் திட்டுவார்? சொல்லாதே என்றது அவர்தானே. படிக்கட்டில் குந்தித் தலையில் தலையில் அடித்துக்கொண்டார். "நான்தான் மறைச்சன், நான்தான் மறைச்சன்" என்று அழுதார். ஆலீசும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

பிறகு மேலே போய் ஒரு மட்டையில் பாலேந்திரன் என்று பிரெஞ்சு எழுத்தில் கொட்டையாக எழுதிக் கொண்டுவந்து பெட்டியில் ஒட்டினார். காலையில் நொத்தாரிசு முன்னால் ஸ்ரீஸ்கந்தராசா என்று கையெழுத்து வைத்துச் சாவியைக் கொடுத்தார். புது வீட்டுக்காரர் நல்ல மனிதர்கள்தான், மட்டையை ஒரு வாரம் விட்டுவைத்திருந்தார்கள்.