கீரை இல்லாம கடை போட்ட எங்க அண்ணன்

போன ஞாயித்துக்கிழமை பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில எங்க அண்ணன் கடை போட்டாரு. மேசையில ஒரு கட்டு கீரை கூட இல்ல!

(பக்கத்துக் கடை ஆன்ட்டி, "இன்னிக்கு என்ன, காத்த விக்கிறியா?"ன்னு கேட்டாங்க.)

அண்ணன் பெக்கோக் பக்கம் வாடகை நிலத்துல கீரையும் காங்கோங்கும் (வள்ளல் கீரை) போடுறாரு.

அதுக்கு மேல மேட்டுல ஒரு பழைய இரும்புச் சுரங்கம். மூடி ரொம்ப வருஷமாச்சு, ஆனா தோண்டிப் போட்ட கழிவு மண்ணு குன்று மாதிரி அப்படியே கெடக்கு.

பெரிய மழையில அது கரைஞ்சு, தே தாரேக் டீ கலர்ல பாத்திக்குள்ள வந்துருச்சு.

எனக்கு மனசு கேக்கல. மண்ணையும் கீரையையும் லேப்ல குடுத்தேன்.

ரெண்டுலயும் ஆர்செனிக், காட்மியம்னு விஷம். அளவுக்கு மேல. அலமாக்!

"உப்புத் தண்ணியில கழுவுனா போயிடாதா?"ன்னு அண்ணி கேட்டாங்க.

"வேர் வழியா உள்ள ஏறுனது எப்படி அண்ணி போகும்?"

அண்ணன் மறுநாளே தோட்டம் முழுக்கப் பிடுங்கிட்டாரு.

"வித்தத என்ன பண்றது? வாங்குனவங்க நம்பர் கூட என்கிட்ட இல்லையே"ன்னாரு.

அதான் காலி மேசை. வந்தவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் நின்னு நடந்ததச் சொன்னாரு.

சில பேரு திட்டுனாங்க. சில பேரு, "நாளு பூரா ரோட்டுப் புகைய குடிக்கிறோம், இது என்ன லா!"ன்னு சிரிச்சுட்டுப் போனாங்க.

அப்புறம் கைக்குழந்தையோட ஒரு மலாய்க்காரப் பொண்ணு வந்துச்சு. வாரா வாரம் வாங்குறவங்க.

விஷயத்தச் சொன்னதும், "அபாங் (அண்ணா), நான் இவனுக்குக் கஞ்சியில இதத்தான போடுறேன்!"னு அழுதுருச்சு.

அண்ணன் மேசைய அப்படியே விட்டுட்டு, "வா தங்கச்சி, நாளைக்குக் காலையிலயே கிளினிக் போவோம். நாங்களும் தினமும் இதத்தான் சாப்பிட்டோம்"னாரு.

சொன்ன மாதிரியே போனாங்க. ரெண்டு குடும்பமும் சேர்ந்து!

இன்னிக்கு ரிசல்ட் வந்துச்சு. குழந்தைக்கு ஒண்ணும் இல்ல. அண்ணனுக்கு ஆர்செனிக் கொஞ்சம் கூட இருக்கு. அந்தக் கீரைய நிறுத்துனா குறையும், மறுபடி டெஸ்ட் எடுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு.

அந்த நிலத்த விட்டுட்டோம். அண்ணன் இப்ப லாயாங் லாயாங் பக்கம் வேற நிலம் தேடுறாரு.

சாயங்காலம் அந்தப் பொண்ணு வாட்ஸ்அப் போட்டுருந்துச்சு: "அபாங், புது நிலம் கெடைச்சா முதல்ல லேப் ரிசல்ட்ட அனுப்புங்க. கீரை அப்புறம்!"

ரொம்ப நாளைக்கு அப்புறம் அண்ணன் சிரிச்சாரு.

லாயாங் லாயாங்ல வாடகை நிலம் யாருக்காச்சும் தெரியுமா மக்களே? (மண்ண டெஸ்ட் பண்ணிட்டுத்தான் பேசுவோம், கோவிச்சுக்காதீங்க!)