எங்க தடுக்குச்சு, பாப்பா?

சங்கரி அக்கா இறந்துவிட்ட செய்தி ஆரணியிலிருந்து அம்மாவின் போனுக்கு வந்தது. காய்ச்சல் விட்டதும் வந்துவிடுகிறேன் என்று ஊருக்குப் போனவர் அவர். அம்மா, "எந்தச் சங்கரி?" என்று கேட்டார். எங்களுக்குத் தெரிந்த சங்கரி ஒருவர்தான். வேறு யாராவதாக இருக்கட்டும் என்றுதான் அம்மா அப்படிக் கேட்டார்.

அக்காவோடு வேலை செய்து, இன்று அவரை நினைத்துக் கூடியிருக்கும் உங்களுக்கு என்னைத் தெரியாமல் இருக்கலாம். அல்சூரில் அவர் குடியிருந்த மாடிக்குக் கீழ் வீடு எங்களுடையது. பிடித்த இடங்களைக் குறித்துவைத்து நண்பர்களுக்குக் காட்டும் உங்கள் செயலியில் எதை மாற்றினாலும், அக்கா அதை முதலில் என் கையில் கொடுத்துப் பார்ப்பார்.

முதல் முறை கொடுத்தபோது எனக்குப் பரீட்சை எழுதுவது போல இருந்தது. ஓர் இடத்தைச் சேமிக்கச் சொன்னார். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் என் விரல் அந்தரத்தில் நின்றது. அக்கா உதவவே இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருவழியாக முடித்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்குக்கா" என்றேன்.

"அது விருந்தாளி பேச்சு. சாம்பார்ல உப்பே இல்லன்னாலும் அப்படித்தான் சொல்லுவாங்க. எங்க தடுக்குச்சு, பாப்பா? அதைச் சொல்லு."

"எனக்குத்தான் சரியா தெரியல."

"நீ திணறுனா அது என் தப்பு. உன் தப்பு கிடையாது."

நான் தவறு செய்ய முடியாத ஒரு பரீட்சையை அன்றுவரை யாரும் எனக்கு வைத்ததில்லை.

இடங்களுக்கு நட்சத்திரம் போடுவதை எடுத்துவிட வேண்டும் என்று அவர் உங்களோடு சண்டை போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குக் காரணம் என் அம்மா. மாரியம்மன் கோயிலைச் சேமித்ததும், எத்தனை நட்சத்திரம் என்று போன் கேட்டது. அம்மா போனைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் யாருடி மாரியம்மாவுக்கு மார்க் போட? வேணாம், நீயே வச்சுக்கோ உன் ஆப்ப."

அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "சரி ஆன்ட்டி, மார்க் வேணாம். மறுபடி ஏன் அங்க போவீங்க?"

அம்மா அடுப்பைத் தணித்துவிட்டுச் சொன்னார்: "அங்க உக்காந்தா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

இன்று நட்சத்திரங்கள் இருந்த இடத்தில் "மறுபடி ஏன் வருவீர்கள்?" என்ற கேள்வி இருக்கிறது. அது எங்கள் சமையலறையில் பிறந்தது.

அக்கா சேமித்த இடங்கள் என் வரைபடத்தில் நீலப் புள்ளிகளாகத் தெரியும். சிவாஜிநகரில் ஒரு ரிப்பன் கடை. அங்கே அவர் திக்கித் திணறிக் கன்னடத்தில் விலை கேட்க, கடைக்காரர், "தமிழ்லயே கேளும்மா, பாவம் கன்னடம்" என்றார். "திட்டு வாங்கினாலும் மலிவு" என்று அந்தக் கடைக்குக் காரணம் எழுதினார். ஆனேக்கல் பேருந்து நிலையமும் அவர் பட்டியலில் இருந்தது. அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அவர் எழுதிய காரணத்தைத் திறந்து பார்த்தேன். "ஓசூர் பஸ் பக்கத்தில் நின்றால், ஏறாமலே பாதி வீட்டுக்குப் போன மாதிரி."

ஒருநாள் கணக்கை மூடும் பக்கத்தைக் கொடுத்தார். சோதனைக் கணக்கொன்றை மூடினேன். அந்த ஆள் சேமித்த இடங்கள், எழுதிய காரணங்கள் எல்லாம் நண்பர்களின் வரைபடத்திலிருந்தும் மறைந்தன. எனக்குக் கோபம் வந்தது.

"இது அநியாயம்கா. மத்தவங்களுக்கு அது வேணுமே."

"வீடு காலி பண்ணா சாமானை எடுத்துட்டுத்தானே போவோம்? போறவங்களுது போறவங்களுக்குத்தான்."

"செவுத்துல ஆணி அடிச்ச ஓட்டை இருக்குமே."

"அது ஹவுஸ் ஓனர் பிரச்சினை" என்றார். ஹவுஸ் ஓனர் மகளான நான் முறைத்தேன்.

காரியம் முடிந்து அவருடைய அண்ணன் மாடியைக் காலி செய்ய வந்தார். அக்காவின் போனை என்னிடம் நீட்டினார்.

"இதுல அவ கணக்க மூடணும்மா. போன வருஷம் இதே நாள் சங்கரி இங்க போனான்னு எங்க அம்மா போனுக்கு வந்துகிட்டே இருக்கு. பாத்துட்டு அன்னிக்கெல்லாம் சாப்பிட மாட்டேங்கிறாங்க."

அவர் அம்மாவின் போனில் அந்த அறிவிப்பை மட்டும் நிறுத்தினால் போதும் என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னேன். கணக்கு அப்படியே இருக்கும், நீலப் புள்ளிகளும் இருக்கும். அவர் என்னையே கேட்டார்.

"அவ இருந்தா என்ன சொல்லுவா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"போறவங்களுது போறவங்களுக்குத்தான்னு சொல்லுவாங்க, அண்ணா."

"அப்ப மூடிடும்மா."

மூடினேன். அக்கா, எங்கேயும் தடுக்கவில்லை. ஒரு பொத்தானைக்கூட நான் தேட வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு நன்றாகச் செய்திருந்தீர்கள். எங்கேயாவது ஓர் இடத்தில் தடுக்கியிருக்கலாம்.

கீழே வந்து என் போனைத் திறந்தேன். ஆனேக்கல்லில் எதுவும் இல்லை. அந்த இடத்தை நானே சேமிக்கப் போனேன். மறுபடி ஏன் வருவீர்கள் என்று கேட்டது. அக்காவின் வரி எனக்கு மனப்பாடம், ஆனால் அதை என் பெயரில் எழுத முடியவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன்.

பள்ளியில் எல்லோரும், "இப்ப பரவாயில்லையா?" என்று கேட்கிறார்கள். விருந்தாளியைப் போல, "பரவாயில்லை" என்கிறேன். அக்கா எனக்கு விட்டுப்போனது, எங்க தடுக்குச்சு என்ற அந்தக் கேள்வியை மட்டும்தான். அதற்கு இன்று உங்கள் முன்னால் உண்மையாகப் பதில் சொல்கிறேன். பள்ளி விட்டு வந்து, பையைக்கூடக் கழற்றாமல் மாடிப்படியில் கால் வைக்கிறேனே, அங்கேதான் தடுக்குகிறது, அக்கா.