ஒருத்தியைக் கூப்பிட்டால் இருவர் வருவார்கள்

1. பத்துப் பேர்

குவாந்தான் நகரத் திடலில் ஹாக்கி ஆட்டத்தின் இரண்டாவது குவாட்டர் நடந்துகொண்டிருந்தது. எங்கள் அணியில் பத்துப் பேர்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள். நடுவர் யாருக்கும் அட்டை காட்டவில்லை, யாருக்கும் அடிபடவில்லை. பதினோராவது ஆள் எங்கே என்று எல்லோரையும் போல நானும் தேடினேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

நான் தேயிலை ஆலையில் மெக்கானிக். எஸ்டேட் பெண்கள் ஹாக்கி அணிக்கு ஓட்டப் பயிற்சி கொடுப்பது உபரி வேலை. எஸ்டேட் மேனேஜர் துரை என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், என்னிடம் விசில் இருந்தது. நான் ஓடினால் என் தொப்பை முதலில் போய்ச் சேரும்.

ஹாக்கி ஓட்டம் ரோட்டு ஓட்டம் அல்ல. குனிந்தபடி பாய வேண்டும், சட்டென்று நிற்க வேண்டும், திரும்பி வந்த வழியே மறுபடி பாய வேண்டும். மிட்ஃபீல்டில் ஆடுகிறவர்களுக்கு இது இரட்டிப்பு. அதனால்தான் ரோலிங் சப். எத்தனை தடவை வேண்டுமானாலும் வெளியே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம்.

எங்கள் மிட்ஃபீல்ட் ஜெயந்தியும் மேரியும். வேலையில் இருவரும் ஒரே கொழுந்து வெட்டும் மெஷினைப் பிடிப்பவர்கள். தேயிலைச் செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. ஒருத்தி கையை விட்டால் மெஷின் சரிந்து செடியைக் கடித்துவிடும். எனவே நின்றால் சேர்ந்துதான் நிற்பார்கள்.

அன்று ஜெயந்தியைத்தான் வெளியே கூப்பிட்டேன். மேரியும் வந்துவிட்டாள். உள்ளே போனது ஒருத்தி.

"நீ ஏம்மா வந்த?"

"அவ வந்துட்டால்ல, அண்ணே."

"உன்ன யாரு கூப்பிட்டா?"

"அவ விட்டா நானும் விடணும்லா. பழகிப்போச்சு."

அதற்குள் அந்தக் காலி இடத்தின் வழியாகவே எதிரணி நுழைந்து கோல் போட்டது.

2. உட்காரும் கலை

மேரியை உள்ளே அனுப்பினேன். ஜெயந்தியும் எழுந்தாள்.

அவள் அவசரத்துக்குக் காரணம் உண்டு. மாநில அணிக்கு ஆள் எடுக்கும் அம்மா மேலே கேலரியில் உட்கார்ந்திருந்தார். அந்த அணியின் மிட்ஃபீல்டில் ஒரே ஓர் இடம்தான் காலி. கடைசி குவாட்டரில் கால் நின்றுவிடுகிறது என்று போன வருடம் ஜெயந்தியைத் திருப்பி அனுப்பியவர் அவர்தான்.

"நான் உக்காந்தா களைச்சுட்டேன்னு நினைப்பாங்க, அண்ணே."

"களைச்சதாலதான் உக்காரச் சொல்றேன். கடைசியில நடந்தா இன்னும் நல்லா நினைப்பாங்களா?"

"நீங்க உக்கார்றதுக்கே பொறந்தவரு. உங்களுக்கு என்ன."

"அதேதான். நம்ம மலையில உக்கார்றதப் பத்தி என்னைவிடத் தெரிஞ்சவன் இல்ல. உக்காரு."

அவள் கேட்கவில்லை. திடலிலிருந்து மேரிதான் கத்தினாள்: "உக்காருடி. ரெண்டு பக்கமும் நான் பாத்துக்கிறேன்."

ஜெயந்தி உட்கார்ந்தாள். அதன் பிறகு இருவரும் மாறி மாறி வந்தார்கள். ஒருத்தி வெளியே இருந்தால் மற்றவள் இரண்டு பேர் ஓட்டத்தை ஓடினாள். மூன்றாவது குவாட்டரில் கோலைச் சமன் செய்தோம்.

கடைசி நிமிடங்களில் எதிரணிக்காரி ஒருத்தி பந்தோடு தனியாகப் பாய்ந்தாள். முன்னால் எங்கள் கோல்கீப்பர் மட்டும். அப்போதுதான் உள்ளே போயிருந்த ஜெயந்தி, திடலின் மறுகோடியிலிருந்து துரத்தி, மட்டையைப் புல்லோடு நீட்டிப் பந்தைத் தட்டிவிட்டாள். உற்சாகத்தில் நானும் கோட்டுக்கு வெளியே கூடவே ஓடினேன். பாதி வழியில் ஐஸ் பெட்டி கிடைத்தது, அதில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆட்டம் சமன். அந்த அம்மா இறங்கி வந்தார். "போன வருசம் கடைசியில நடந்த பொண்ணா இது? கேம்புக்கு அனுப்பி வைங்க."

ஜெயந்தி மேரியைப் பார்த்தாள். "இடம் ஒன்னுதாம்மா" என்றார் அவர்.

இளம் பயிற்சியாளர்களுக்கு ஒன்று சொல்வேன். ஓட வைக்க விசில் போதும். ஆனால் தன் இடத்தை இன்னொருத்தி காப்பாள் என்று தெரிந்தால்தான் ஒருத்தி உட்காருவாள். அந்த நம்பிக்கையை நான் கொடுக்கவில்லை, மேரி கொடுத்தாள்.

வேன் மலையேறியது. எங்கள் மலை ஊரான தானா ராத்தா நெருங்கியதும் மேரி ஜெயந்தியிடம் சொன்னாள்: "நீ போயிட்டு வாடி. மிட்ஃபீல்ட நான் பாத்துக்கிறேன். மெஷினுக்குத்தான் ஒரு ஆள் வேணும்."

வேனில் இருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் குறட்டை விட ஆரம்பித்தேன்.