கையைப் பார்க்க வந்தவர்

ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருந்தால் நன்றி கெட்டவனாவேன். அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் போர்வெல் மோட்டார் மெக்கானிக். சொந்தத் தொழில், எவனிடமும் கைகட்டி நிற்க வேண்டாம் என்று பெருமை பேசித் திரிந்தவன். போன குறுவை தொடங்கும் நேரம். மோட்டாரை மேலே தூக்கும்போது சங்கிலி வழுக்கி, இரும்புக் குழாய் என் வலது கையில் விழுந்தது. விரல்கள் நொறுங்கின. கையைக் கட்டிப்போட்டு, அசைக்கவே கூடாது என்றார்கள். சொந்தத் தொழில்காரனுக்கு லீவு கொடுக்க ஆளில்லை என்பது அன்றுதான் புரிந்தது. நான் படுத்தால் தொழிலும் படுத்துவிடும்.

என் கூட்டாளி ஜெரால்டு வந்தான். அவனும் மோட்டார் மெக்கானிக்தான். என் மகளின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவன். "நீ படுடா, உன் வாடிக்கைக்காரங்கள நான் பாத்துக்கறேன்" என்று மோட்டார் தூக்கும் என் செயின் பிளாக்கையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். நன்றியில் அழுதுவிட்டேன்.

அதன்பிறகு என் போன் அடிக்கவில்லை. சீசனில் சோறு தின்ன விடாத போன் அது. நானாக வாடிக்கைக்காரர்களைக் கூப்பிட்டாலும், "உடம்பப் பாருங்கண்ணே" என்று வைத்துவிட்டார்கள். வீட்டில் ரேஷன் அரிசிதான் பொங்கியது. என் மனைவி லூர்து சொன்னாள், "கை சரியாகணும்னே கேக்குறீங்க. வேலை வரணும்னு கேளுங்களேன்." இருவரும் முழந்தாளிட்டோம். ஒரே ஒருத்தராவது என்னைத் தேடி வரட்டும் ஆண்டவரே என்று கேட்டேன்.

மறுநாள் பூதலூர்ப் பக்கத்து விவசாயி கோவிந்தசாமி பழப்பையோடு வந்தார். என் கைக்கட்டைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"என்னங்க, கை இருக்கு?"

"வேற எங்க போகும்?"

"முழங்கையோட எடுத்துட்டாங்கன்னு ஜெரால்டு சொன்னாரே. இனிமே நீங்க தொழிலுக்கே வரமாட்டீங்கன்னு எல்லார்கிட்டயும் அழுதுகிட்டே சொன்னாருங்க."

அழுதானாம். எரிகிற வீட்டில் பிடுங்கியவன் அழவும் செய்திருக்கிறான். குழாய் விழுந்தபோதுகூட எனக்கு அப்படி வலிக்கவில்லை.

கோவிந்தசாமியின் மோட்டாரும் ஓடவில்லை. நாற்று வாடுகிறது, ஜெரால்டோ நாளை நாளை என்று இழுத்தடிக்கிறான். "நீங்க வரப்புல உக்காந்து சொல்லுங்க. தூக்க நானும் தம்பியும் இருக்கோம்" என்றார். வாடகைக்குச் செயின் பிளாக் எடுத்தோம். லூர்தும் கூட வந்தாள். அவர்கள் தூக்கினார்கள். கருகிப்போன ஒயர் ஜாயின்ட்டை நான் சொல்லச் சொல்ல லூர்து கட்டினாள். தண்ணீர் பாய்ந்தது. கோவிந்தசாமி சேற்றில் நின்றபடியே தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார். "கை இருக்குப்பா. நான் கண்ணால பாத்தேன்."

என் கூட்டாளி சொன்ன பொய்யே அவரை என் வாசலுக்குக் கூட்டி வந்தது. ஆண்டவர் பதில் தரும் வழி அப்படி. விரல்கள் இன்னும் முழுதாக மடங்கவில்லை. லூர்துதான் இப்போது என் கூட்டாளி.

அடுத்த மாதம் மகளுக்குப் புதுநன்மை, கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகிறாள். ஞானத்தகப்பன் என் பக்கத்தில் வந்து நிற்பான். அவனை மன்னித்துவிட்டேன் என்று இங்கே எழுதினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். அந்த மனசைக் கொடுங்கள் என்று தினமும் கேட்கிறேன். வேலையைக் கொடுத்தவர் அதையும் கொடுப்பார். உங்கள் கஷ்டத்தையும் அவரிடம் சொல்லுங்கள். சொல்லும்போது எனக்காகவும் ஒரு வார்த்தை கேளுங்கள்.